இணைப்பு அறுந்தால் வலை என்னாகும்?

1955-இல் அமெரிக்க விமானப்படைக்காக ராண்ட் நிறுவனத்தில் ஓர் இரகசிய அறிக்கை தயாரானது. எழுதியவர்கள் கணிதவியலாளர் தியோடர் ஹாரிஸும் ஓய்வுபெற்ற தளபதி ஃபிராங்க் ராஸும். சோவியத் ஒன்றியத்திலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்குச் செல்லும் ரயில் பாதைகளை அவர்கள் 44 கணுக்களும் 105 இணைப்புகளும் கொண்ட வலையாக வரைந்தார்கள். ஒவ்வொரு பாதைக்கும் அது எத்தனை டன் சரக்கைத் தாங்கும் என்று எண் கொடுத்தார்கள். எந்தெந்தப் பாதைகளை அறுத்தால், மிகக் குறைந்த செலவில், மேற்கு நோக்கிய சரக்குப் போக்குவரத்து அடியோடு நிற்கும்? இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. விடையாக வந்த வெட்டுக்கோட்டின் மொத்தக் கொள்ளளவு 1,63,000 டன். அறிக்கை 1999-இல்தான் பொதுப்பார்வைக்கு வந்தது.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கணிதம் அதற்கு முன்பே உலகறிந்துவிட்டது. ஹாரிஸ் முன்வைத்த சிக்கலை எடுத்துக்கொண்ட கணிதவியலாளர்கள் ஃபோர்டும் ஃபுல்கர்சனும் 1956-இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டார்கள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒரு வலை வழியாக அனுப்பக்கூடிய உச்ச அளவும், அவ்விரு இடங்களையும் பிரிக்கும் மிகச்சிறிய வெட்டின் கொள்ளளவும் சமம் என்பது அது. வலை எவ்வளவு சுமக்கும் என்று தெரிய வேண்டுமானால், அதை எங்கே அறுப்பது எளிது என்று பார்த்தால் போதும். அறுப்பதைப் பற்றிய ஆய்வு அழிப்பவருக்கு மட்டும் உரியதன்று, கட்டிக் காப்பவருக்கும் அதுவே அடிப்படை.

மின்பாதை, சாலை, கடலடிக் கேபிள், தொலைபேசி உறவு, நோய் பரவும் தொடர்பு ஆகியவற்றையெல்லாம் கணுக்களும் இணைப்புகளுமாக வரைந்து ஆராயும் துறை இன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. இந்தத் துறையில் கணுக்களை அகற்றுவது பற்றி அதிகம் பேசியிருக்கிறார்கள். விமான நிலையத்தை மூடினால் என்ன, கணினி வழங்கி ஒன்று செயலிழந்தால் என்ன என்பன போன்ற கேள்விகள் அவை. ஒரு கணுவை எடுப்பது அதன் எல்லா இணைப்புகளையும் ஒரே அடியில் எடுப்பதாகும். இணைப்பை மட்டும் எடுப்பது அதைவிட நுணுக்கமானது. ஊர் இருக்கிறது, மனிதர் இருக்கிறார், நடுவிலுள்ள வழி மட்டும் இல்லை. அப்போது வலைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பல துறைகளின் கண்டுபிடிப்புகளை வைத்து இந்தக் கட்டுரை பரிசீலிக்கிறது. ஓர் இணைப்பின் மதிப்பு அதன் பருமனிலோ பரபரப்பிலோ தெரியாது, அது இல்லாத வலையைப் பார்த்தால்தான் தெரியும் என்பதே இவற்றிலிருந்து நான் வந்தடையும் முடிவு.

குருட்டுவாக்கில் அறுத்தால்

முதலில் எளிய நிலை. எந்தக் கணக்கும் இல்லாமல், குலுக்கல் முறையில் இணைப்புகளை ஒவ்வொன்றாக எடுப்போம். பால் எர்டோஷும் ஆல்ஃபிரட் ரேனியும் 1959, 1960 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் இதற்கு அடித்தளம். குலுக்கலில் அமைந்த வலையில் ஒரு கணுவுக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேல் இணைப்பு இருந்தால் கணுக்களில் கணிசமான பங்கைத் தன்னுள் கொண்ட ஒரு பெருங்கூறு இருக்கும். சராசரி ஒன்றுக்குக் கீழே இறங்கினால் எங்கும் சிறு துண்டுகள்தான்.

எண்களில் பார்த்தால் இதன் தன்மை புரியும். கணுவுக்குச் சராசரியாக 4 இணைப்புகள் உள்ள பெரிய வலை ஒன்றில், தொடக்கத்தில் 98 சதவீதக் கணுக்கள் பெருங்கூறில் இருக்கும். கால்வாசி இணைப்புகளை அகற்றினாலும் 94 சதவீதம் சேர்ந்தே இருக்கும். பாதியை அகற்றினால் 80 சதவீதம். எட்டில் ஐந்து பங்கை அகற்றினால் 58 சதவீதம். 72.5 சதவீதத்தை அகற்றும்போது பெருங்கூறு 18 சதவீதத்துக்குச் சரிகிறது. முக்கால்வாசி போனதும் பெருங்கூறு என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. முதல் பாதி இழப்பில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பிரியவில்லை, கடைசிச் சில இழப்புகளில் வலையே கலைந்துவிட்டது. பாதி அறுந்தும் தாங்குகிறதே என்று நிம்மதி கொள்பவர் எல்லைக்கோடு எங்கே என்று பார்க்கவில்லை என்றே பொருள்.

அந்த எல்லை வலையின் வடிவத்தைப் பொறுத்து மாறும். சதுரக் கட்டங்களாகப் பரந்த வலையில் சரியாகப் பாதி இணைப்புகளே எல்லை என்று ஹாரி கெஸ்டன் 1980-இல் நிறுவினார். சில கணுக்கள் மட்டும் ஏராளமான இணைப்புகளைக் கொண்டு, மற்றவை ஓரிரண்டோடு நிற்கும் வலைகளில் நிலைமை வேறு. பாராபாசியும் ரேகா ஆல்பர்ட்டும் 1999-இல் விவரித்த வலைவகை இது. இணையம் இந்தச் சாயலுடையது. குலுக்கல் இழப்புக்கு இவ்வகை வலைகள் வியக்கத்தக்க அளவு ஈடுகொடுக்கும், ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்தால்தான் உடையும் என்று கோஹன், ஹாவ்லின் குழுவினர் 2000-இல் காட்டினார்கள். நிறைய இணைப்புள்ள மையக் கணுக்கள் எத்தனை இழந்தாலும் சிலவற்றைத் தக்கவைத்துக்கொண்டு மற்றவற்றைச் சேர்த்துப் பிடிப்பதே காரணம். அதே ஆண்டில் ஆல்பர்ட், ஜியோங், பாராபாசி மூவரும் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். அந்த மையக் கணுக்களையே குறிவைத்து அகற்றினால் வலை விரைவில் சிதறிவிடும்.

எதை அறுக்கிறோம் என்பது

இனி கண்ணைத் திறந்துகொண்டு அறுப்போம். எந்த இணைப்பு போனால் வலை இரண்டாகப் பிரியுமோ அதைக் கோட்டுருவியலில் பாலம் என்கிறார்கள். நம் கடலோரத்திலேயே இதற்கு உண்மையான பாலம் ஒன்று இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் 1988 வரை இராமேசுவரம் தீவுக்கு ஒரே தரைவழி இணைப்பு. 1964 டிசம்பர் புயலில் அது சேதமடைந்தபோது, 46 நாளில் சீரமைத்து முடிக்கும்வரை தீவுக்குத் தரைவழியே இல்லை. 1988-இல் சாலைப் பாலம் வந்தது. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில் தீவுக்குள் போகவில்லை. சிரமம் இருந்தது, ஆனால் தீவு துண்டிக்கப்படவில்லை. அறுந்தது இரண்டு முறையும் அதே இணைப்புதான். பக்கத்தில் இன்னொன்று இருந்ததா இல்லையா என்பதே விளைவைத் தீர்மானித்தது.

சமூக உறவுகளில் இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். நெருங்கிய நண்பர்களின் நண்பர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். ஆகவே நெருங்கிய உறவுக்கு மாற்றுவழி எப்போதும் இருக்கும். எப்போதாவது பார்த்துப் பேசும் அறிமுகங்களே வேறு வட்டங்களுக்கு இட்டுச்செல்கின்றன. 1973-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8.

இந்தக் கருத்தைப் பெரிய அளவில் சோதிக்க முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 2007-இல் ஒன்னெலாவும் பாராபாசி உள்ளிட்ட அவருடைய சகாக்களும் ஒரு நாட்டின் கைபேசி அழைப்புத் தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 46 லட்சம் பேர், 70 லட்சம் இணைப்புகள், 18 வாரங்கள். இருவர் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை உறவின் வலிமையாகக் கொண்டார்கள். பிறகு இரண்டு வரிசையில் அறுத்துப் பார்த்தார்கள். அதிகம் பேசும் இணைப்புகளை முதலில் எடுத்தபோது வலை மெல்ல மெல்லச் சுருங்கியது, உடையவில்லை. குறைவாகப் பேசும் இணைப்புகளை முதலில் எடுத்தபோது, ஏறத்தாழ 80 சதவீதம் போன கட்டத்தில் வலை சட்டென்று சிதறியது. மணிக்கணக்கில் பேசும் உறவுகள் ஒவ்வொரு சிறு கூட்டத்தையும் உள்ளுக்குள் இறுக்கிக் கட்டின. ஊரை ஊரோடு கட்டியவை ஒரு நிமிட அழைப்புகள்.

எந்த இணைப்பு முக்கியம் என்று அளக்கப் பயன்படும் கருவி இடைமை. வலையிலுள்ள எல்லாக் கணுச் சோடிகளுக்கும் இடையிலான மிகக்குறுகிய வழிகளில் எத்தனை ஓர் இணைப்பின் மேல் செல்கின்றன என்ற கணக்கு அது. மிஷெல் கர்வனும் மார்க் நியூமனும் 2002-இல் இதைக் கொண்டு, வலைக்குள் மறைந்திருக்கும் குழுக்களை வெளிக்கொணரும் முறையை வகுத்தார்கள். இடைமை மிகுந்த இணைப்பை எடு, மீதியுள்ள வலையில் இடைமையைப் புதிதாகக் கணக்கிடு, மறுபடி எடு. புதிதாகக் கணக்கிடுவதுதான் இதில் உயிர்நாடி. ஓர் இணைப்பு போனதும் மற்றவற்றின் முக்கியத்துவம் மாறிவிடுகிறது. பீட்டர் ஹோமும் அவருடைய குழுவினரும் அதே ஆண்டு பலவகை வலைகளைத் தாக்கிப் பார்த்ததிலும், தொடக்கத்தில் தயாரித்த பட்டியலின்படி அறுப்பதைவிட அவ்வப்போது கணக்கிட்டு அறுப்பதே கூடுதல் சேதம் விளைவித்தது.

இந்த முறையைச் சோதிக்கப் பலரும் எடுத்துக்கொள்வது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கராத்தே மன்றம். 34 உறுப்பினர்கள், 78 நட்பு இணைப்புகள். 1970-களின் தொடக்கத்தில் மானுடவியலாளர் வெய்ன் சாக்கரி அதைக் கவனித்துவந்த காலத்தில், பயிற்சியாளருக்கும் நிர்வாகத்துக்கும் சண்டை முற்றி மன்றம் இரண்டாகப் பிரிந்தது. சாக்கரி 1977-இல் எழுதிய கட்டுரையில் கையாண்டது ஃபோர்டு, ஃபுல்கர்சனின் மிகச்சிறிய வெட்டு முறையைத்தான். ரயில் பாதைக்காகப் பிறந்த கணக்கு, யார் எந்தப் பக்கம் போவார் என்பதை ஒரே ஒருவர் தவிர மற்ற எல்லோருக்கும் சரியாகச் சொன்னது. அந்த ஒருவருக்குக் கறுப்புப் பட்டைத் தேர்வு மூன்று வாரத்தில் வரவிருந்தது. நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்திருந்த அவர், பயிற்சியாளரை விட்டால் அத்தனை நாள் உழைப்பும் வீணாகும் என்பதால் அவரோடு போனார். வலையின் வடிவம் எவ்வளவோ சொல்லும், மனிதரின் காரணம் முழுவதையும் சொல்லாது.

சுமை இடம் மாறும்போது

இதுவரை பார்த்தது வலை பிரிகிறதா இல்லையா என்ற கேள்வி. மின்சாரமோ வாகனமோ ஓடும் வலையில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. அறுந்த இணைப்பில் ஓடியது காணாமல் போவதில்லை, மற்ற இணைப்புகளின் மேல் ஏறுகிறது. தாங்க முடியாதது அறுகிறது, அதன் சுமை அடுத்ததன்மேல் விழுகிறது. இந்தத் தொடர் வீழ்ச்சியை மோட்டரும் லாயும் 2002-இல் எளிய மாதிரியாக வகுத்தார்கள். நான்கே ஆண்டுகளில் ஐரோப்பா அதை நேரில் கண்டது.

2006 நவம்பர் 4 இரவு. ஜெர்மனியின் பாப்பன்பர்க் கப்பல் கட்டும் தளத்திலிருந்து புதிதாகக் கட்டிய நார்வீஜியன் பேர்ல் என்ற பயணக் கப்பல் எம்ஸ் ஆற்றின் வழியே கடலுக்குப் போக வேண்டும். ஆற்றைக் கடந்து செல்லும் 380 கிலோவோல்ட் மின்பாதையை அதற்காகத் துண்டிக்க வேண்டும். வழக்கமான வேலைதான். ஆனால் நேரம் சில மணி முன்னதாக மாற்றப்பட்டது, மாறிய நிலைக்குத் தேவையான கணக்குகள் முழுமையாகப் போடப்படவில்லை. இரவு 9.38 மணி அளவில் பாதை அணைக்கப்பட்டது. அதன் சுமை தெற்கேயுள்ள பாதைகளில் ஏறியது. லாண்டஸ்பெர்கன், வேரன்டார்ஃப் ஆகிய இடங்களுக்கு இடையிலான பாதை தன் வரம்பை நெருங்கியது. 10.10 மணிக்கு, சுமையைக் குறைக்கலாம் என்று கருதி, ஒரு துணை மின்நிலையத்தில் இரண்டு பகுதிகளை இணைத்தார்கள். மின்னோட்டம் 80 ஆம்பியர் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அது 67 ஆம்பியர் கூடியது. அந்தப் பாதை துண்டித்துக்கொண்டது. அடுத்த சில விநாடிகளில் பாதைகள் வரிசையாக விழ, ஐரோப்பியக் கண்டத்தின் மின்தொகுப்பு மூன்று துண்டானது. மேற்குத் துண்டில் அலைவெண் 49 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கியது. சுமார் 1.5 கோடி வீடுகள் இருண்டன. 38 நிமிடத்தில் துண்டுகள் மீண்டும் சேர்க்கப்பட்டன, இரண்டு மணிநேரத்துக்குள் நிலைமை சீரானது.

இந்தியாவில் 2012 ஜூலை 30, 31 நாட்களில் நடந்ததும் இதே கதையின் பெரிய வடிவம். பினா, குவாலியர், ஆக்ரா வழித்தடத்தில் இரண்டு சுற்றுகளில் ஒன்று 765 கிலோவோல்ட்டுக்குத் தரம் உயர்த்துவதற்காகத் திட்டமிட்டு நிறுத்தப்பட்டிருந்தது. மிஞ்சிய 400 கிலோவோல்ட் சுற்றின்மேல் சுமை ஏறியது. பாதையில் பழுது எதுவும் இல்லை. மின்னோட்டம் மிகுந்து மின்னழுத்தம் தாழ்ந்ததைப் பாதுகாப்பு ரிலே பழுது என்று எடுத்துக்கொண்டு சுற்றைத் துண்டித்தது. முதல் நாள் வடக்குத் தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்றும் வீழ்ந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. தமிழ்நாடு அடங்கிய தெற்குத் தொகுப்பு தப்பியது. அன்று தெற்கு நாட்டின் மற்ற பகுதிகளோடு நேர்மின்னோட்டப் பாதைகள் வழியாகத்தான் இணைந்திருந்தது. அத்தகைய பாதை, விதித்த அளவு மின்சாரத்தை மட்டும் கடத்தும், மறுபக்கத்துத் தள்ளாட்டத்தை இங்கே கொண்டுவராது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர், சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தெற்கும் நாட்டுத் தொகுப்போடு ஒத்திசைந்து இணைந்தது. காற்றாலை மின்சாரத்தை வெளியே அனுப்பவும் பற்றாக்குறையின்போது வாங்கவும் அது வழிசெய்தது. இணைப்பு உதவியைக் கொண்டுவரும் வழியேதான் ஆபத்தையும் கொண்டுவரும். இரண்டையும் எடைபோட்டே அதை அமைக்க வேண்டும்.

எடுத்தால் நன்மை தரும் இணைப்புகள்

இணைப்பு குறைந்தால் நஷ்டம் என்பது பொதுப்புத்தி. ஜெர்மன் கணிதவியலாளர் டீட்ரிக் பிரெஸ் 1968-இல் அது எப்போதும் உண்மையல்ல என்று நிறுவினார். 4,000 வாகனங்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்ல இரண்டு வழிகள் என்று கொள்வோம். ஒவ்வொரு வழியிலும் ஓர் அகலச் சாலையும் ஒரு குறுகிய சாலையும் உண்டு. ஒரு வழியில் குறுகிய சாலை முதலில் வரும், மற்றதில் கடைசியில் வரும். அகலச் சாலையில் எப்போதும் 45 நிமிடம், குறுகிய சாலையில் வாகன எண்ணிக்கையை நூறால் வகுத்த அத்தனை நிமிடம். வாகனங்கள் பாதிப் பாதியாகப் பிரிய, எல்லோருக்கும் 65 நிமிடம் ஆகும். இப்போது நடுவில் நொடிப்பொழுதில் கடக்கும் குறுக்குச்சாலை ஒன்றைத் திறக்கிறோம். குறுகிய சாலை அதிகபட்சம் 40 நிமிடமே எடுக்கும் என்பதால் ஒவ்வொருவரும் 45 நிமிட அகலச் சாலையைத் தவிர்த்து, இரண்டு குறுகிய சாலைகளிலும் செல்கிறார். முடிவில் எல்லோருக்கும் 80 நிமிடம். அந்தக் குறுக்குச்சாலையை மூடினால் ஒவ்வொருவருக்கும் கால்மணி நேரம் மிச்சம். யாரும் தவறு செய்யவில்லை, தனித்தனியே சரியாகத் தேர்ந்தெடுத்ததன் கூட்டு விளைவுதான் இந்த இழப்பு. தென்கொரியாவின் சியோல் நகரில் 2003-இல் சொங்யேசொன் ஓடையின் மேலிருந்த விரைவுச்சாலையை இடித்தபோது நகரம் ஸ்தம்பிக்கும் என்று பலர் அஞ்சினார்கள். அப்படி நேரவில்லை. பேருந்துச் சேவையைச் சீர்திருத்தியதும் அதற்கு ஒரு காரணம் என்பதால், முழுப்பெருமையையும் பிரெஸ் கணக்குக்குக் கொடுக்க முடியாது.

நோய்ப் பரவலில் அறுப்பதே மருந்து. எளிய மாதிரிகளில், ஒரு தொற்று வலையில் நிலைக்குமா ஓயுமா என்பதை, எந்தக் கணு எதோடு இணைந்துள்ளது என்று காட்டும் இணைப்பு அணியின் மிகப்பெரிய ஐகன் மதிப்பு தீர்மானிக்கிறது. அதைக் குறைக்கும் இணைப்புகளை எடுத்தால் தொற்று அடங்கும். ஆனால் காலம் தாழ்ந்த வெட்டு பலன் தராது. பிரிட்டனில் 2001 பிப்ரவரி 20-இல் கோமாரி நோய் உறுதியானது. மூன்று நாளில் கால்நடைகளைக் கொண்டுசெல்லத் தடை வந்தது. அதற்குள் ஆட்டுச் சந்தைகள் வழியே நோய் நாட்டின் பல மூலைகளை எட்டிவிட்டது. 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொல்ல நேர்ந்தது. 2020 ஜனவரி 23-இல் வூஹான் நகரின் பயண வழிகள் அடைக்கப்பட்டன. சீனாவின் பிற பகுதிகளில் பரவலை அது 3 முதல் 5 நாள் மட்டுமே தாமதப்படுத்தியது என்றும், வெளிநாடுகளுக்குத் தொற்று செல்வதைப் பிப்ரவரி நடுப்பகுதி வரை வெகுவாகக் குறைத்தது என்றும் ஒரு முக்கியமான மாதிரி ஆய்வு மதிப்பிட்டது. உள்நாட்டில் தொற்று ஏற்கெனவே கடந்துவிட்ட இணைப்புகளை அறுத்ததால் சிறு பலன், இன்னும் அதிகம் கடக்காத இணைப்புகளை அறுத்ததால் பெரும் பலன்.

எஞ்சியிருக்கும் கடினங்கள்

இரண்டு இடங்களைப் பிரிக்கும் மிகச்சிறிய வெட்டைக் கணினி விரைவாகக் கண்டுபிடிக்கும். தொற்றை அதிகபட்சம் தணிக்க எந்த நூறு இணைப்புகளை எடுக்க வேண்டும் என்று கேட்டால், பெரிய வலைகளில் மிகச்சிறந்த விடையை நியாயமான நேரத்தில் தர எந்த முறையும் அறியப்படவில்லை. தோராய விடைகளோடுதான் பணியாற்ற வேண்டியிருக்கிறது. இணைப்புகள் காலத்தோடு தோன்றி மறைவதும், அறுபட்டவர்கள் புதிய தொடர்பைத் தேடிக்கொள்வதும் கணக்கை மேலும் கடினமாக்குகின்றன. வரைபடத்திலேயே இல்லாத இணைப்புகளும் உண்டு. மின்சாரம் போனால் தொலைத்தொடர்பும், தொலைத்தொடர்பு போனால் மின்கட்டுப்பாடும் முடங்கும் இரட்டை வலைகளில், ஒன்றை மட்டும் வரைந்தவர் ஆபத்தின் பாதியைத்தான் பார்க்கிறார்.

ஆனாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மின்துறையில் என்-1 என்றொரு விதி உண்டு. எந்த ஓர் உறுப்பு போனாலும் மீதித் தொகுப்பு தாங்க வேண்டும் என்பது அது. பராமரிப்புக்காக ஒன்றை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், மிஞ்சிய வலைக்கு அதே விதியைப் புதிதாகப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே 2006, 2012 ஆண்டுகள் தந்த பாடம். இந்தச் சோதனையை மின்துறையோடு நிறுத்திக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. குடிநீர்க் குழாய்க்கும் இணையக் கேபிளுக்கும் மருத்துவமனைக்குச் செல்லும் சாலைக்கும் அது வேண்டும். பேருந்து வழித்தடத்துக்கு இன்னும் அதிகமாக வேண்டும். கூட்டம் இல்லை, வருமானம் இல்லை என்ற இரண்டு எண்களை வைத்து ஒரு கிராமத்துத் தடத்தை நிறுத்துவது, குறைவாகப் பேசும் அழைப்புகளை முதலில் அறுப்பதற்குச் சமம். அந்தத் தடத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுவதோடு, அது நின்றால் எத்தனை பேருக்கு வேறு வழி இல்லை என்றும் எண்ண வேண்டும். இரண்டாவது கணக்கைப் போடத் தேவையான கணிதம் நம்மிடம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அதைப் போட்டு மக்கள் முன் வைத்த பிறகே எந்த இணைப்பையும் நிறுத்தும் முடிவு எடுக்கப்பட வேண்டும்.